டர்பன் வீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின்: ட்வின் டப்பா, டாப் லோடரா, ஃப்ரண்ட் லோடரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் புதிதாகக் குடிவருகிற தமிழ்க் குடும்பங்கள் சீக்கிரமே கேட்கிற கேள்வி, எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம் என்பது. பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ ஒரு மெஷினைப் பயன்படுத்திவிட்டு வந்தவர்கள். அதே கம்பெனி, அதே மாடல் இங்கே கிடைக்குமா என்று தேடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் எத்தனை நாளில் வருகிறது? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா?

இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். பிராண்டு, நிறம், எத்தனை புரோகிராம், போனிலிருந்து ஓடவிடலாமா என்பதெல்லாம் அப்புறம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது அந்த ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். வெருலம், ஃபீனிக்ஸ் பக்கமும் குழாய் நாள்கணக்கில் வறண்டு கிடப்பது புதிதில்லை. மின்சாரம் இப்போது பரவாயில்லை. 2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம்வரை போய், கரண்ட் ஒரே நாளில் பல தடவை இரண்டிரண்டு மணி நேரமாக அணைந்தது. 2024 மார்ச் இறுதியில் மின் நிறுவனமான எஸ்காம் லோட் ஷெடிங்கை நிறுத்தியது. 2025இல் சில முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. ஆனால் கேபிள் திருட்டுக்கும் சப்ஸ்டேஷன் கோளாறுக்கும் எந்த அட்டவணையும் கிடையாது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் இல்லாத வீட்டுக்கு ட்வின் டப், அதாவது துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள மெஷின். இரண்டும் இருந்து, இன்வெர்ட்டரும் இருந்தால் ஃப்ரண்ட் லோடர். டாப் லோடர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதைக் குனிய முடியாதவர்களுக்காகத்தான் பரிந்துரைப்பேன்.

ட்வின் டப்பை ஏன் ஏளனமாகப் பார்க்கிறார்கள்?

ஊரிலிருந்து வந்தவர்களிடம் ட்வின் டப் என்றாலே முகம் சுளிக்கும். "அது எங்க பாட்டி காலத்து மெஷினாச்சே" என்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் பின்கட்டு வைத்த வீடுகளில் எட்டிப் பாருங்கள். புது ஃப்ரண்ட் லோடர் சமையலறையில் பளபளவென்று நிற்கும், பின்பக்கத் தாழ்வாரத்தில் பழைய ட்வின் டப் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் நின்ற வாரத்தில் வீட்டைக் காப்பாற்றியது எது என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ட்வின் டப்புக்கு நீரழுத்தம் என்ற ஒன்றே தேவையில்லை. குழாயிலிருந்து பிடிக்கலாம், தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றலாம், மழைத் தண்ணீரை விடலாம். எட்டு கிலோ மெஷினுக்கு நாலைந்து பெரிய வாளி போதும். அந்தத் தண்ணீரையே வரிசையாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். முதலில் வெள்ளை வேட்டி, பள்ளிச் சட்டை. அடுத்து வண்ணத் துணி. அப்புறம் அடுப்படித் துணி, கடைசியில் கால்மிதி. மூன்று நான்கு ஈடு துணிக்கு ஒரே சோப்புத் தண்ணீர்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. துவைத்த துணியை நேராக அலசாமல், முதலில் பிழியும் தொட்டிக்கு மாற்றி ஒரு நிமிடம் சுற்றவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் வெளியேறிவிடும். அதன் பிறகு அலசினால் ஒரே அலசலில் நுரை போய்விடும், தண்ணீர் பாதியாகக் குறையும். பிழியும் தொட்டியில் துணியை அள்ளிப் போடக் கூடாது. ஓரத்தைச் சுற்றி வட்டமாக அமுக்கி அடுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை வைத்து அழுத்தி மூட வேண்டும். ஒரு பக்கம் கனமாக இருந்தால் மெஷின் தடதடவென்று தரையில் நகரத் தொடங்கும். நிறுத்தி, திறந்து, அடுக்கி, மறுபடி மூடு. பழகினால் கை தானாகச் செய்யும்.

குறை இல்லாமல் இல்லை. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஈரத் துணியைத் தொட்டி விட்டுத் தொட்டி மாற்றுவதில் முதுகு விட்டுப்போகும். தண்ணீரைச் சூடாக்கும் வசதி கிடையாது, கீசர் தண்ணீரையோ சோலார் ஹீட்டர் தண்ணீரையோ பிடித்து ஊற்றினால்தான் உண்டு. பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தால் சில நொடிகளில் சுழற்சி நிற்க வேண்டும். பிரேக் தேய்ந்துபோன மெஷினில் அது மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உடனே பிரேக்கை மாற்றுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஃப்ரண்ட் லோடர் ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 லிட்டர் எடுக்கும். தானியங்கி டாப் லோடர் அதே துணிக்கு 100 முதல் 150 லிட்டர்வரை குடிக்கும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஃப்ரண்ட் லோடர்தான் சரி என்று தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது.

மெஷினுக்குள் தண்ணீரை விடுகிற வால்வு ஒரு ரப்பர்ச் சவ்வை வைத்து இயங்குகிறது. அந்தச் சவ்வு திறக்கவும் மூடவும் குழாய்த் தண்ணீரின் அழுத்தமே உதவுகிறது. மெஷினோடு வரும் கையேட்டைப் புரட்டினால் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 முதல் 1 பார்வரை ஏதோ ஓர் எண் போட்டிருக்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 1 பார் அழுத்தம். உங்கள் வீட்டு ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) தரையில் நிற்கிறது, உள்ளே தண்ணீர் இரண்டு மீட்டர் உயரம் என்றால், கிடைப்பது 0.2 பார்தான். அதுவும் தொட்டி நிறைந்திருக்கும்போது. ஆகவே 2,500 லிட்டர் தொட்டி நிரம்பி வழிந்தாலும் ஃப்ரண்ட் லோடர் "தண்ணீர் வரவில்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். பிரஷர் பம்பு வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பம்புக்கும் கரண்ட் வேண்டும். பம்பு வைப்பவரிடம், தொட்டித் தண்ணீர் நகராட்சிக் குழாய்க்குள் திரும்பிப் போகாதபடி நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாப் லோடருக்கும் இதே மாதிரி வால்வுதான். ஆனால் மூடியைத் திறந்து வாளியால் ஊற்றலாம் என்ற சலுகை உண்டு. பெரும்பாலான மாடல்கள் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறியதை உணர்ந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் துவைக்கத் தொடங்கிவிடும். அலசலுக்கு மறுபடி ஊற்ற வேண்டும். நூறு லிட்டரைத் தூக்கி ஊற்றுவது யார் என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் நின்று திரும்பி வரும்போது இன்னொரு தொல்லை. குழாய்க்குள் படிந்திருந்த மண்ணும் துருவும் முதல் சில நிமிடங்கள் பழுப்பாக வரும். அந்த நேரத்தில் மெஷினைப் போட்டால் வெள்ளை வேட்டி டீ நிறமாகிவிடும். முதலில் குழாயைத் திறந்து வாளியில் பிடியுங்கள். தெளிந்த பிறகு மெஷினைத் தொடுங்கள். மெஷினின் பின்னால் குழாய் சேரும் இடத்தில் விரல்நுனி அளவு சல்லடை ஒன்று இருக்கிறது. தண்ணீர் மெதுவாக ஏறுகிறதென்றால் அதில்தான் மண் அடைத்திருக்கும். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, குறடால் சல்லடையை மெல்ல இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பச் செருகினால் போதும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்துபோகிற கட்டணம் தண்டம்.

கழிவுநீரைப் பற்றி ஒரு வார்த்தை. ட்வின் டப்பின் அலசல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றலாம். டர்பன் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலை மரம் இல்லாத கொல்லை அரிது. அதற்குக் கடைசி அலசல் தண்ணீரை மட்டும் விடுங்கள், முதல் சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

கரண்ட் போனால்

ஃப்ரண்ட் லோடரின் ஹீட்டர் 2,000 வாட் அளவில் இழுக்கும். சக்கர வண்டி மாதிரி உருட்டி வைக்கிற சின்ன இன்வெர்ட்டர்களால் இதைத் தாங்க முடியாது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் சுவரில் மாட்டிய வீடுகளில் பிரச்சினை இல்லை, கெட்டிலையும் அடுப்பையும் அதே நேரத்தில் போடாதவரை. சின்ன இன்வெர்ட்டர்தான் இருக்கிறது என்றால் ஹீட்டரை முழுவதும் அணைக்கிற குளிர்நீர் புரோகிராம் உண்டா என்று கடையிலேயே பாருங்கள். சில மெஷின்களில் 20 டிகிரிதான் கீழ்மட்டம். குளிர்நாளில் அதற்கும் ஹீட்டர் எரியும். டாப் லோடரும் ட்வின் டப்பும் சில நூறு வாட்டில் ஓடிவிடும், ஆனால் மோட்டார் கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே இன்வெர்ட்டரின் அளவில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், சுவர் கரண்ட் மாதிரியே சீரான அலையில் தருகிற ப்யூர் சைன் வேவ் வகையாகவும் இருக்கட்டும்.

காட்டன் 40 டிகிரி எகோ என்ற புரோகிராம் மூன்று மணி நேரம் தாண்டி ஓடும். சிக்கனமானதுதான், நடுவில் கரண்ட் போகிற ஊருக்கு ஒத்துவராது. கரண்ட் போனால் ஃப்ரண்ட் லோடரின் கதவு பூட்டியே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பூட்டு விடுபடும் மாடல்களும் உண்டு, கரண்ட் வரும்வரை அசையாத மாடல்களும் உண்டு. உள்ளே தண்ணீர் நிற்கும்போது திறந்தால் சமையலறை குளமாகும், முதலில் கீழே இருக்கும் வடிகட்டிக் குழாய் வழியாக வடிக்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்குமா என்பதைக் கடைக்காரர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். கையேட்டில் பாருங்கள்.

உண்மையான ஆபத்து கரண்ட் போகும்போது இல்லை, வரும்போதுதான். திரும்பி வருகிற வேகத்தில் வோல்டேஜ் துள்ளினால் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு கருகும். அதை மாற்றுகிற செலவைக் கேட்டுப் பலர் புது மெஷினே வாங்கியிருக்கிறார்கள். ட்வின் டப்பில் போர்டே இல்லை. முறுக்கி விடுகிற டைமர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பெல்ட், இரண்டு மோட்டார். பக்கத்துத் தெரு ரிப்பேர்காரர் அரை மணியில் கழற்றிப் பூட்டிவிடுவார். மற்ற இரண்டுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டுவிடுங்கள். கரண்ட் போனதும் சுவரில் ஸ்விட்சை அணைத்து, வந்து கால் மணி நேரம் கழித்துப் போடுவது அதைவிட நிச்சயமான வழி. வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால் பவர் சர்ஜுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே விற்கிற பல மெஷின்கள் ஐரோப்பிய இரண்டு கால் ப்ளக்குடன் வருகின்றன. நம் சுவரிலோ மூன்று தடித்த உருண்டைக் கால் சாக்கெட். நடுவே மலிவான அடாப்டரைச் செருகி, அதையும் மல்டி ப்ளக்கில் கோர்த்து விடுகிறார்கள். ஹீட்டர் எரியும்போது கிட்டத்தட்ட 10 ஆம்பியர் ஓடுகிறது. அடாப்டர் உருகி நிறம் மாறுவதை நானே சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். 16 ஆம்பியர் தாங்கும் தரமான அடாப்டர், நேராகச் சுவர் சாக்கெட்டில், அவ்வளவுதான். மெஷின் போட்ட கொஞ்ச நேரத்தில் டிபி போர்டில் (வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டியில்) எர்த் லீக்கேஜ் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் விழுகிறதென்றால் ஹீட்டரில் நீர் கசிகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். குளிர்நீரில் ஓட்டிப் பார்த்து, விழவில்லையென்றால் சந்தேகம் உறுதி.

எண்ணெயும் மஞ்சளும்

துவைக்கிற திறனில் ஃப்ரண்ட் லோடரை மற்ற இரண்டாலும் எட்ட முடியாது. காரணம் சூடு. தலையணை உறையை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை அதில் தினமும் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். டர்பனில் கோடைக் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், எப்படியோ சமாளித்துவிடலாம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஜூன், ஜூலை மாதக் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அதில் டாப் லோடர் எத்தனை முறை சுற்றினாலும் எண்ணெய் நூலுக்குள் உறைந்தே இருக்கும், பவுடரும் சரியாகக் கரையாமல் துணியில் திட்டுத்திட்டாக ஒட்டும். காய்ந்த உறையை முகர்ந்தால் சிக்கு வாடை. அதே உறை 40 டிகிரியில் ஒரு சுற்று போனால் வாடை போய்விடும். ஆகவே உள்நாட்டுக் குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் நான் டர்பனுக்குச் சொல்கிற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஹீட்டர் அவசியம், அல்லது கீசர் தண்ணீர் சேர்கிற டாப் லோடராவது வேண்டும்.

மஞ்சள் கறை வேறு கதை. தைப்பூசக் காவடி முடிந்து வருகிற மஞ்சள் வேட்டி, புரட்டாசி விரத நாள்களில் சாம்பார் சிந்திய மேசை விரிப்பு, எதுவானாலும் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். கறை பெருகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு. அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையும். இதற்கு மெஷின் எது என்பது பொருட்டே இல்லை, டர்பன் வெயில் போதும்.

நீளத் துணிகளுக்கு டாப் லோடரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அடியில் சுழலும் தட்டு எட்டு முழ வேட்டியையும் பருத்திச் சேலையையும் முறுக்கிக் கயிறாக்கிவிடும். சட்டைக் கைகள் அதில் சிக்கிக்கொள்ளும், பிரிக்கும்போது தையல் விடும். வலைப்பையில் தனித்தனியாக மடித்துப் போட்டால் குறையும். ஃப்ரண்ட் லோடர் துணியைத் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது, முறுக்கல் குறைவு. ட்வின் டப்பும் முறுக்கத்தான் செய்யும், ஆனால் கண் முன்னால் நடப்பதால் நிறுத்திப் பிரித்துவிடலாம். பட்டு எதிலும் வேண்டாம்.

டாப் லோடருக்கும் நியாயமாக ஒரு இடம் கொடுக்க வேண்டும். குளிர்காலத்துக் கனத்த மிங்க் போர்வை நனைந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டிய எடை. 13 கிலோ டாப் லோடர் அதைச் சாதாரணமாக விழுங்கும், 7 கிலோ ஃப்ரண்ட் லோடரில் கதவே மூடாது. முழங்கால் வலிக்காரர்கள் நின்றபடியே துணியை எடுக்கலாம். நடுவில் ஒரு காலுறையைக் கண்டெடுத்தால் மூடியைத் திறந்து போட்டுவிடலாம். பெட்டியில் எழுதியிருக்கிற கிலோ எல்லாம் காய்ந்த பருத்தித் துணிக்கு. பாலியஸ்டருக்கும் மெல்லிய துணிக்கும் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பது

இங்கே கோடையான டிசம்பர் முதல் மார்ச்வரை டர்பன் காற்றில் ஈரம் சொட்டும். கொடியில் போட்ட ஜீன்ஸ் மறுநாளும் குளிர்ந்தே இருக்கும், ஈர வாடை பிடித்துவிடும். அப்போதுதான் பிழியும் வேகம் முக்கியமாகிறது. நிமிடத்துக்கு 1,400 சுற்றில் பிழிந்தால் துணியின் எடையில் பாதியளவு தண்ணீர் மிஞ்சும், 800 சுற்றில் 70 சதவீதம்போல மிஞ்சும். டாப் லோடர்கள் பெரும்பாலும் 700, 800இல் நிற்கின்றன. ட்வின் டப்பின் பிழியும் தொட்டி 1,300 சுற்றைத் தொட்டுவிடும். தொட்டி சின்னது என்றாலும் டாப் லோடரைவிட நன்றாகவே பிழியும். மழைக்கால டர்பனில் இது எனக்குப் பெரிய விஷயம்.

டிரையர் தேவையா? கைக்குழந்தை, முதியவர் இருக்கிற வீட்டில் கோடைக்கு உதவும். மற்றவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட்வரை வறண்ட வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. துவைத்து அதிலேயே காயவைக்கிற வாஷர்-டிரையரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8 கிலோ துவைத்தால் 5 கிலோபோலத்தான் காயவைக்கும், பாதியை வெளியே எடுத்தாக வேண்டும், ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு.

சுத்தம் செய்வதில் எது லேசு?

டர்பன் குழாய்த் தண்ணீர் மென்னீர். சென்னை போர் தண்ணீரில் ஹீட்டரில் உப்புப் படிந்து பழகியவர்கள் இங்கேயும் உப்பு நீக்கும் பொடி தேடுகிறார்கள். வேண்டியதில்லை. இங்கே எதிரி உப்பு கிடையாது, மிஞ்சிப்போன சோப்பு. மென்னீரில் நுரை அதிகம் வரும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் பாதியில் தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலும் போதும். தானியங்கி மெஷினுக்கு "ஆட்டோ" என்று போட்ட பவுடர்தான். கையால் துவைக்கிற பவுடரைப் போட்டால் நுரை பொங்கி, மெஷின் அலசி அலசியே நேரத்தைத் தின்னும். ட்வின் டப்புக்கு அந்த மலிவுப் பவுடரே போதும், மாதச் செலவில் இதுவும் ஒரு மிச்சம்.

ஃப்ரண்ட் லோடரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கதவைச் சுற்றியிருக்கிற ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். முடி, நூல், வழுவழுப்பான சாம்பல் பசை, கூடவே கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு நாளும் கடைசி ஈடு முடிந்ததும் அந்த மடிப்பைத் துணியால் துடைத்து, கதவையும் பவுடர் தட்டையும் கொஞ்சம் திறந்து வைத்தாலே பாதி நாற்றம் வராது. கீழே வலது மூலையில் இருக்கிற சின்ன மூடிக்குள் பம்பு வடிகட்டி. தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து மெல்லத் திருகுங்கள். தண்ணீர் கொட்டி முடிந்ததும் உள்ளே கைவிட்டால் ஐந்து ராண்ட் நாணயம், ஹேர்பின், சட்டைப் பொத்தான், அறுந்துபோன உருத்திராட்சம் எல்லாம் கிடைக்கும். தண்ணீர் வடியவில்லை என்று வருகிற புகார்களில் நிறைய இந்த மூடிக்குள்ளேயே தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள். எப்போதும் குளிர்நீரிலேயே துவைக்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

டாப் லோடரில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்கிறது, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில். ஒருநாள் திடீரென்று கறுப்புத் துகள்கள் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். ஃபேப்ரிக் சாஃப்ட்னரைத் தாராளமாக ஊற்றுகிற வீடுகளில் சீக்கிரம் வரும், அதன் மெழுகுப் பசையில்தான் அழுக்கு ஒட்டுகிறது. தொட்டி நிறையச் சுடுதண்ணீர் விட்டு, குளோரின் இல்லாத ஆக்சிஜன் வெளுப்புப் பொடியைப் போட்டு, சில நிமிடம் சுற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிதக்கிறதை அள்ளி எறிந்துவிட்டு அலசுங்கள். ஜிக் (குளோரின் ப்ளீச்) ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதோடு வினிகரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். நூல் சேர்கிற பையை வாரம் ஒருமுறை உதறினால் போதும்.

ட்வின் டப்பில் சுத்தம் செய்ய அதிகமில்லை. திறந்து கிடக்கிற தொட்டி, துடைத்தால் முடிந்தது. வெளியேறும் ஹோஸ் மடங்காமல் தரையில் தாழ்வாகக் கிடக்க வேண்டும், உயரத்தில் தூக்கி மாட்டினால் தண்ணீர் வடியாது.

ஃப்ரண்ட் லோடரின் ஆயுளைத் தீர்மானிப்பது பேரிங். பிழியும்போது விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல் வந்தால் பேரிங் போய்விட்டது. பல மாடல்களில் வெளித்தொட்டியை ஒட்டி மூடிவிடுகிறார்கள், பேரிங் மட்டும் மாற்ற வழியில்லை, தொட்டியோடு வாங்க வேண்டும். வாங்கும் முன்பே "பேரிங் தனியாகக் கிடைக்குமா" என்று ஒரு ரிப்பேர்காரரிடம் கேளுங்கள், கடையில் கேட்டுப் பயனில்லை. கடலோரத்தில், ப்ளஃப் மாதிரியான இடங்களில் இருப்பவர்கள் எந்த மெஷினையும் திறந்த தாழ்வாரத்தில் நிறுத்த வேண்டாம். உப்புக் காற்று இரண்டு மூன்று வருடத்தில் அடித்தகட்டைத் தின்றுவிடும்.

சரி, எந்த வீட்டுக்கு எது?

ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் தொட்டி இல்லாத வாடகை வீடு என்றால் ட்வின் டப், இரண்டாவது யோசனையே வேண்டாம். விலையும் மற்றவற்றின் பாதிக்குக் கிட்டத்தட்ட வரும். பிற்பாடு வீடு வசதியானால் அதை ஓரமாக வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கலாம், தண்ணீர் நிற்கிற வாரத்துக்கு உதவும்.

உம்ஷ்லாங்கா, மஸ்க்ரேவ் மாதிரி இடங்களில் அடுக்கு மாடி, கட்டடத்துக்கே தொட்டியும் ஜெனரேட்டரும் இருக்கிறது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் 8 கிலோ ஃப்ரண்ட் லோடர். 7 கிலோவுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் அதிகமில்லை, படுக்கை விரிப்புக்கு அந்த ஒரு கிலோ தேவைப்படும். தொட்டிக்குள் துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடைவெளி விட்டுத் துணி போடுங்கள்.

ஐந்தாறு பேர், அதில் வயதான மாமியாரோ அம்மாவோ துணியைப் பார்த்துக்கொள்கிறார், குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்றால் டாப் லோடர். தண்ணீர்க் கட்டணம் கூடும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பிராண்டு என்று கேட்டால், உதிரிபாகம் உள்ளூரில் கிடைப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். டர்பனில் ஜேக்கப்ஸ் பகுதியில் தொழிற்சாலை வைத்திருக்கிற டிஃபை 2011இல் துருக்கியின் ஆர்செலிக் கைக்குப் போனது, ஆனாலும் இந்த ஊர் ரிப்பேர்காரர்களுக்குப் பழகிய பெயர். கொரிய, சீன பிராண்டுகளுக்கும் இப்போது பாகம் கிடைக்கிறது. பெயர் தெரியாத மலிவு மாடல்தான் ஒரு வால்வு போனதும் அனாதையாகிவிடும்.

நவம்பர் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவுப்படி, வாங்கி 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால் ரிப்பேரா, வேறு மெஷினா, பணம் திரும்பவா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. கடையில் "எங்கள் கொள்கைப்படி ரிப்பேர் மட்டும்தான்" என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

ஃப்ரண்ட் லோடர் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில் இருக்கிற பயண போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்டுங்கள். கொண்டுவந்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் கழற்றாமல் போய்விடுவார்கள். அந்த போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு கையேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வீடு மாறும்போது திரும்பப் பூட்ட வேண்டும்.